பழைய அம்பாசடர் எஞ்சினை அடையாளம் காண்பது எப்படி

பழைய அம்பாசடர் காரின் பானெட்டைத் திறந்தால் உள்ளே குறைந்தது ஐந்து வகை எஞ்சின்களில் ஏதேனும் ஒன்று இருக்கலாம். தொடக்க கால 1476 சிசி சைடு வால்வு எஞ்சின், பெரும்பாலான வண்டிகளில் வந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், அதே அளவில் 1980 வாக்கில் வந்த டீசல் எஞ்சின், 1990-களில் சேர்ந்த 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சின், அதன் பிறகு வந்த 1995 சிசி இசுசு டீசல் எஞ்சின் ஆகியவை தொழிற்சாலையிலிருந்தே வந்தவை. இவை போக, டீசல் மலிவாக விற்ற காலத்தில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு வேறு ஏதோ ஒரு வண்டியின் டீசல் எஞ்சினைப் பூட்டிக்கொண்ட கார்களும் ஏராளம். ஆகவே வண்டியை வாங்கியவர் ஒரு கேஸ்கெட் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பாகவே, தம்மிடம் இருப்பது எந்த எஞ்சின் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இக்கட்டுரை 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை மையமாகக் கொண்டது. மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்தறியும் வழிகளும், உள்ளுறுப்புகளை இனங்காணும் முறையும் இதில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன.

முதலில் அதன் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் அடையாளங்கள் பலவற்றுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. அம்பாசடரின் உடல் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து வந்தது; மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. தொடக்கத்தில் அதில் வைக்கப்பட்ட 1476 சிசி சைடு வால்வு எஞ்சினும் மோரிஸ் வழி வந்ததே. 1959-இல் அதன் இடத்தைப் பிடித்த 1489 சிசி எஞ்சினோ ஆஸ்டின் நிறுவனத்தின் லாங்பிரிட்ஜ் ஆலையில் உருவான குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்டினும் மோரிஸும் 1952-இல் இணைந்து பி.எம்.சி. என்ற ஒரே நிறுவனமானதால்தான், மோரிஸ் உடலுக்குள் ஆஸ்டின் இதயம் வந்து அமர்ந்தது. இக்குடும்பத்துக்கு பி வரிசை என்று பெயர். எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. ஆகிய புகழ்பெற்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே குடும்பத்து எஞ்சின்களே ஓடின. எம்.ஜி. கார்களுக்காக இன்றும் தயாரிக்கப்படும் சில உதிரி பாகங்கள் நம் ஊர் அம்பாசடருக்கும் பொருந்துவதும், சில பொருந்தாமல் போவதும் இந்த உறவால்தான்.

எதை நம்புவது, எந்த வரிசையில் நம்புவது

புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். எஞ்சினின் மேல் மூடியான ராக்கர் கவரில் ஒட்டியிருக்கும் பெயரையும் கார்புரேட்டரில் உள்ள முத்திரையையும் முதலில் பார்த்து, அதை வைத்தே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கழற்றி மாட்டக்கூடிய எந்தப் பொருளும் எஞ்சினின் பிறப்பிடத்துக்குச் சான்றாகாது என்பதை மனத்தில் இருத்த வேண்டும். அறுபது ஆண்டு ஓடிய வண்டியில் கார்புரேட்டர் மூன்று முறை மாறியிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரிலும் டைனமோவிலும் லூகாஸ் டி.வி.எஸ். என்ற பெயர் இருந்தால், அது 1961-இல் சென்னையில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதைத்தான் சொல்லுமே தவிர, அது பூட்டப்பட்டிருக்கும் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் அடங்கிய எஞ்சின் உடலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வார்ப்பின் வடிவம், போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) அளவுகள், மரைகளின் வகை ஆகிய மூன்றும் மாற்ற முடியாதவை அல்லது மாற்றுவது மிகக் கடினமானவை. அவற்றை முதலில் நம்ப வேண்டும். பொறித்த எண்கள் அடுத்து வரும். தகடுகளும் முத்திரைகளும் கடைசிதான்.

கழற்றுவதற்கு முன்

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மண்ணும் எண்ணெயும் கலந்து இறுகிய அழுக்கை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு மெதுவாக நீக்குங்கள். கம்பித் தூரிகையை எண்கள் பொறித்திருக்கக்கூடிய இடங்களில் பயன்படுத்தாதீர்கள். மெல்லிய அலுமினியத் தகட்டில் அடித்த எழுத்து இரண்டு இழுப்பில் அழிந்துவிடும். பழைய கேஸ்கெட்டுகளிலும் கிளட்ச் தட்டுகளிலும் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டுவதையும் காற்றால் ஊதுவதையும் அறவே தவிர்த்து, ஈரப்படுத்தித் துடைத்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு குழாயும் கம்பியும் எங்கே போகிறது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே நான்கு பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது சிறிய வேலைபோலத் தோன்றும். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பூட்டும்போதுதான் அதன் அருமை தெரியும்.

வெளியிலிருந்து பார்த்தே அறிவன

இனி இடம், வலம் என்று சொல்வதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்ப்பவரின் இடமும் வலமும் என்று கொள்ளுங்கள்.

எஞ்சினின் மேற்பகுதியை முதலில் பாருங்கள். தட்டையான ஹெட்டும் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி), அதன்மேல் நேராக நிற்கும் ஸ்பார்க் பிளக்குகளும் இருந்து, ராக்கர் கவர் என்ற ஒன்றே இல்லாவிட்டால், அது சைடு வால்வு எஞ்சின். அதில் வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்பதால் ஹெட்டுக்கு மேல் மூடி வைக்கத் தேவையில்லை. நீண்ட தகர மூடி இரண்டு நட்டுகளால் பிடிக்கப்பட்டிருந்து, அதன் கீழே இரும்பு வார்ப்பு ஹெட் இருந்தால், அது பி வரிசையாக இருக்க வாய்ப்பு மிகுதி. இசுசு பெட்ரோல் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருப்பதால் மேற்பகுதி அகலமாகவும் உயரமாகவும் இருக்கும். ஸ்பார்க் பிளக்கே இல்லாமல், இன்ஜெக்டர்களும் அவற்றுக்குச் செல்லும் உருக்குக் குழாய்களும் தெரிந்தால், அது டீசல் என்று சொல்லவே தேவையில்லை.

பி வரிசையின் முக அடையாளம் அதன் இடப்பக்கத்தில் இருக்கிறது. கார்புரேட்டர் தாங்கும் இன்லெட் மேனிஃபோல்டும், புகை போகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இரண்டுமே இடப்பக்கத்தில் ஒன்றாக இருக்கும். நான்கு சிலிண்டருக்கு எட்டு துவாரங்கள் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் ஐந்துதான் இருக்கும். இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே இன்லெட் துவாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எக்ஸாஸ்ட் துவாரங்களில் நடுவில் உள்ளது இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்குப் பொதுவானது. ஆகவே இன்லெட்டுக்கு இரண்டு, எக்ஸாஸ்ட்டுக்கு மூன்று. மேனிஃபோல்டுக்குப் பின்னால், பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு சிறிய மூடிகள் இருக்கும். கேமின் அசைவை வால்வுகளுக்குக் கடத்தும் டேப்பட்டுகளை எடுக்கும் வழி அதுவே. வலப்பக்கத்தில் சாய்ந்த நிலையில் ஸ்பார்க் பிளக்குகள், டிஸ்ட்ரிபியூட்டர், ஆயில் ஃபில்டர் ஆகியவை இருக்கும். இந்த அமைப்பு முழுவதும் பொருந்தினால், முத்திரை எதுவாக இருந்தாலும் நீங்கள் பார்ப்பது பி வரிசை எஞ்சின் என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

எண்களைப் படித்தல்

வார்ப்பு எண்ணுக்கும் எஞ்சின் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. இரும்பை ஊற்றும்போதே அச்சிலிருந்து மேடாக வருவது வார்ப்பு எண். ஒரே அச்சில் ஊற்றிய எல்லா பிளாக்குகளிலும் அது ஒன்றேதான். எஞ்சின் எண் ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனியாக, பள்ளமாகப் பொறிக்கப்படுவது அல்லது தகட்டில் அடித்து ஆணியால் பிடிக்கப்படுவது. சில பிரிட்டிஷ் பி வரிசை பிளாக்குகளின் பக்கவாட்டில் எஞ்சினின் கொள்ளளவே பெரிய எண்களாக மேடாக நிற்கும். பிற்கால எம்.ஜி.பி. ஹெட்டுகளில் 12எச் என்று தொடங்கும் எண்ணைக் காணலாம். அதற்கு மாறாக 12ஜி என்று தொடங்கும் எண் இருந்தால், அது மினி போன்ற சிறிய கார்களுக்கான ஏ வரிசை ஹெட். பார்ப்பதற்கு இதன் தம்பிபோல இருந்தாலும் இதில் உட்காராது.

எம்.ஜி. எஞ்சின் எண்களின் முன்னொட்டும் பயனுள்ளது. 15ஜி, 16ஜி, 18ஜி என்று தொடங்கினால், முதல் இரண்டு இலக்கங்கள் கொள்ளளவை நூறு சிசி கணக்கில் தோராயமாகச் சொல்கின்றன. அடுத்து வரும் ஜி என்ற எழுத்து எம்.ஜி. காரைக் குறிக்கிறது. இடையில் எச் அல்லது எல் என்று தனித்து நிற்கும் எழுத்து, கம்ப்ரெஷன் விகிதம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைக் காட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த எஞ்சின் என்று யாரேனும் சொல்லி விற்றால், இந்த முன்னொட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்பேனர் சொல்லும் சாட்சி

அளவெடுக்கும் கருவி எதுவும் கையில் இல்லாதபோது நான் நம்புவது ஸ்பேனரைத்தான். பி வரிசையின் நட்டு, போல்ட்டுகள் அங்குல அளவில் அமைந்தவை. ஹெட் நட்டுக்கு 9/16 அங்குல ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும், அது 14.29 மில்லிமீட்டர் என்பதால் 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் உள்ளேயே போகாது. இசுசு எஞ்சினில் இதற்கு நேர்மாறாக எல்லாம் மில்லிமீட்டர். ஒரே எஞ்சினில் இரண்டும் கலந்து வந்தால், எங்கெல்லாம் மில்லிமீட்டர் போல்ட் இருக்கிறதோ அங்கெல்லாம் யாரோ மரையைக் கெடுத்து, புது மரை வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அரை அங்குல நட்டின்மேல் 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துத் திருப்புகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. வேண்டாம். இரண்டுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர்தான் வேறுபாடு என்றாலும், துருப்பிடித்த நட்டின் முனைகள் உருண்டுபோவதற்கு அது போதும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்றை வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அளந்து உறுதி செய்தல்

ஐயத்துக்கு இடமின்றி முடிவு செய்யும் வழி, போரையும் ஸ்ட்ரோக்கையும் அளப்பதே. ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாகக் குச்சியை விட்டு ஸ்ட்ரோக்கை அளக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பி வரிசையில் பிளக் பக்கவாட்டில் சாய்ந்து நுழைவதால் அந்தக் கணக்கு தவறாகவே வரும். ஹெட்டை எடுத்த பிறகு, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போதும் அடியில் இருக்கும்போதும் பிளாக்கின் மேற்பரப்பிலிருந்து அதன் ஆழத்தை வெர்னியரால் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். போரின் ஆரையைத் தன்னாலேயே பெருக்கி, 3.1416-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்காலும் நான்கு சிலிண்டர்களாலும் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும்.

நம் எஞ்சினுக்குப் போர் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். அங்குலத்தில் பார்த்தால் இவை 2⅞, 3½ என்று சீராக நிற்கும். இசுசு பெட்ரோல் எஞ்சின் 84, 82 என்று மில்லிமீட்டரில் சீராக நிற்கும். அளவுகள் எந்த முறையில் முழுமையாக வருகின்றன என்பதிலிருந்தே வரைபடம் போட்ட நாட்டை ஊகிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதற்கு ஒரு விதிவிலக்கும் நம் காரிலேயே இருக்கிறது. சைடு வால்வு எஞ்சின் ஆங்கிலேயருடையதே என்றாலும் 73.5, 87 என்று மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸ் கோவென்ட்ரி நகரில் நடத்திய எஞ்சின் ஆலையை மோரிஸ் 1923-இல் வாங்கினார். மில்லிமீட்டர் வழக்கம் அவ்வாறுதான் மோரிஸ் எஞ்சின்களுக்குள் நுழைந்து நிலைத்தது. இரண்டு எஞ்சின்களின் போருக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட வேறுபாடு இல்லை என்பதையும் கவனியுங்கள். தேய்ந்த சிலிண்டரில் போரை மட்டும் அளந்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஸ்ட்ரோக்தான் பிரிக்கும்.

பி வரிசைக்குள்ளேயே நிலைமை தலைகீழ். அதன் 1489, 1588, 1622, 1798 சிசி எஞ்சின்கள் நான்கிலும் ஸ்ட்ரோக் ஒரே 88.9 மில்லிமீட்டர்தான், போர் மட்டுமே முறையே ஏறத்தாழ 73, 75.4, 76.2, 80.3 என்று வளர்கிறது. இங்கே ரீபோர் செய்த எஞ்சின் குழப்பத்தைத் தரலாம். நாற்பது சைஸ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு கூடுதலாகக் குடைந்த 1489 எஞ்சினின் போர் ஏறத்தாழ 74 மில்லிமீட்டராகவும், கொள்ளளவு 1531 சிசி அளவிலும் இருக்கும். அப்படி ஓர் எஞ்சின் வகை ஆலையிலிருந்து வரவே இல்லை. பிஸ்டனின் தலையைத் துடைத்துப் பார்த்தால் 020, 030, 040 என்று பொறித்திருக்கும். அதைக் கழித்துப் பார்த்தால் பிறந்தபோது இருந்த அளவு கிடைத்துவிடும். போரின் மேல் விளிம்பில் மெல்லிய வட்டக் கோடு ஒன்று தெரிந்தால், தேய்ந்த போருக்குள் ஸ்லீவ் என்ற புதிய உள்குழாயை இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ஸ்டாண்டர்டு அளவு பிஸ்டன் இருக்கிறது என்பதற்காக அந்த எஞ்சின் அதிகம் ஓடாதது என்று நம்பிவிடக் கூடாது.

மேலிருந்து கீழாகத் திறத்தல்

பல ஆண்டுகள் நின்றுபோன எஞ்சினை செல்ஃப் மோட்டாரால் சுற்றிப் பார்க்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, அம்பாசடருக்கே உரிய ஹேண்டிலைப் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். இறுகி நின்றால் வலுக்கட்டாயம் செய்யாமல் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

ராக்கர் கவரை எடுத்ததும் ஒரே தண்டில் வரிசையாக எட்டு ராக்கர் ஆர்ம்கள் தெரியும். முன்னாலிருந்து எண்ணினால் வால்வுகள் எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட், மறுபடி எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட் என்ற ஒழுங்கில் நிற்கும். வெளியே பார்த்த ஐந்து துவாரங்களுக்கான காரணம் இங்கே விளங்கும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு இன்லெட் வால்வுகள் ஒரே துவாரத்தைப் பகிர்கின்றன. டேப்பட் இடைவெளியைச் சரிசெய்ய இந்த எஞ்சினுக்கு ஓர் எளிய ஒன்பது கணக்கு உண்டு. எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்து வரும் எண்ணுள்ள வால்வைச் சரிசெய்ய வேண்டும். முதல் வால்வு திறந்திருந்தால் எட்டாவது. மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. தீப்பொறி வரிசை 1-3-4-2 என்பதால் இது எப்போதும் பொருந்தி வரும்.

ராக்கர் தண்டைத் தாங்கும் கால்களைப் பிடிக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆகவே ராக்கரை மட்டும் எடுப்பதாக நினைத்து ஒரு பக்கத்தை முழுதாகத் தளர்த்தினால் ஹெட் வளையக்கூடும். தண்ணீரை வடித்துவிட்டு, எல்லா நட்டுகளையும் சுற்றுச் சுற்றாக, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். அட்டை ஒன்றில் எட்டு துளையிட்டு எண்ணிட்டு, புஷ் ராடுகளை எடுத்த வரிசையிலேயே அதில் செருகி வைக்கவும். ஹெட்டைத் திருப்பிப் பார்த்தால், எரியறை ஒவ்வொன்றும் இதய வடிவில் இருப்பதைக் காணலாம். ஹாரி வெஸ்லேக் என்ற பிரிட்டிஷ் பொறியாளரின் வடிவமைப்பு அது. இரண்டு வால்வுகளுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் முனைதான் அதற்கு இதயத் தோற்றத்தைத் தருகிறது. அந்த வடிவத்தைப் பார்த்த பிறகு இந்த ஹெட்டை வேறெதுவாகவும் நினைக்க முடியாது.

பக்கவாட்டு மூடிகளைத் திறந்தால் உருளை வடிவ டேப்பட்டுகள் மேலே வரும். ஒவ்வொரு டேப்பட்டும் தன் கேமோடு சேர்ந்து தேய்ந்து பழகியது. இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும். முன்பக்கத்து மூடிக்குள் டைமிங் செயினும் இரண்டு பற்சக்கரங்களும் இருக்கும். அவற்றின் முகத்தில் உள்ள சிறு புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கும்படி கிராங்க்கைத் திருப்பிப் படம் எடுத்துக்கொண்ட பிறகே செயினைக் கழற்ற வேண்டும்.

கிராங்க்கும் பேரிங்குகளும்

அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பை இறக்கினால் எஞ்சினின் வயதும் வரலாறும் தெரியத் தொடங்கும். கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளை எண்ணுங்கள். 1489 எஞ்சினில் மூன்றுதான் இருக்கும். ஐந்து இருந்தால், அது 1964-க்குப் பிந்தைய எம்.ஜி.பி. வகை 1798 எஞ்சினாக இருக்கலாம். கிராங்க் அந்தப் பேரிங்குகளில் உட்காரும் பகுதியான மெயின் ஜர்னலின் விட்டம் 1489-இல் 2 அங்குலம். 1798-இல் அது 2⅛ அங்குலம். கனெக்டிங் ராடு உட்காரும் பின்னின் விட்டமோ இரண்டிலும் ஏறத்தாழ 1⅞ அங்குலமே என்பதால், அதை மட்டும் அளந்து ஏமாறக் கூடாது.

கனெக்டிங் ராடின் பெரிய முனை நேராக வெட்டப்படாமல் சாய்வாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதன் சிறிய முனையில் ஒரு போல்ட், பிஸ்டனை ராடோடு இணைக்கும் கஜன் பின்னை இறுக்கிப் பிடித்திருக்கும். இந்த அமைப்பு பி வரிசையின் முந்தைய எஞ்சின்களுக்கே உரியது. பெரிய முனை ராடின் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகியிருப்பதால், ஒன்றும் மூன்றும் ஒரு ஜோடி, இரண்டும் நான்கும் மற்றொரு ஜோடி. எண்ணிடாமல் கழற்றியவர்கள் இங்கேதான் திணறுவார்கள். மூடிகளையும் அந்தந்த ராடோடேயே சேர்த்துக் கட்டி வையுங்கள்.

கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் எதுவும் இல்லாதது கண்டு, யாரோ அதைத் தொலைத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். மூன்று பேரிங் எஞ்சினில் அந்த இடத்தில் மரைபோல ஒரு பள்ளம்தான் வெட்டப்பட்டிருக்கும். கிராங்க் சுழலும்போது அந்தப் பள்ளம் எண்ணெயை உள்ளே தள்ளிவிடும். நிறுத்திய வண்டியின் கீழே இரண்டொரு சொட்டு எண்ணெய் விழுவது அதனால்தான்.

பேரிங் ஷெல்லைக் கழற்றி அதன் முதுகைப் பாருங்கள். 010, 020 போன்ற எண் இருந்தால் கிராங்க்கை அத்தனை சைஸ் கிரைண்டிங் செய்திருக்கிறார்கள். தயாரிப்பாளரின் பெயரும் அங்கேயே இருக்கும். 1949-இல் சென்னையில் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற நிறுவனங்களின் பெயர் பிஸ்டனில் இருந்தால், எஞ்சின் ஒருமுறையாவது திறக்கப்பட்டிருக்கலாம், அல்லது இந்தியப் பாகங்களுடனேயே பிறந்திருக்கலாம். பிஸ்டன் சைஸையும் பேரிங் சைஸையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும்: இரண்டும் ஸ்டாண்டர்டு, ஸ்லீவ் இல்லை, பெயர் இந்தியப் பெயர் என்றால், ஆலையில் வந்தபடியே இருக்கும் எஞ்சின் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று மகிழலாம்.

இவ்வளவையும் ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி, எஞ்சின் எண்ணை மெல்லிய தாளில் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். அதை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால், செலவு செய்வதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்காக 2021-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த பழம்பெரும் வாகனப் பதிவு விதிகளில், சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கே இடம் உண்டு. அந்தப் பதிவு பெற விரும்பினால், பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சினைப் பூட்டியிருப்பவர்கள் அதே காலத்து 1489 பெட்ரோல் எஞ்சினைத் தேடத் தொடங்க வேண்டும். அப்படித் தேடும்போது வாங்கப்போகும் எஞ்சினின் இடப்பக்கத்தை முதலில் பாருங்கள். ஐந்து துவாரங்களையும் எண்ணிய பிறகு விலை பேசுங்கள்.